சில்லில் சிக்கும் காசநோய்

நுண்ணோக்கியில் கிருமி தெரியவில்லை, இருமலோ நிற்கவில்லை. காசநோயாளிகள் பலர் கண்ணில் படாமல் தப்புவது இப்படித்தான். இந்த ஓட்டையை அடைக்கிறது பெங்களூர் பிக்டெக் ஆய்வகத்தில் உருவாகி, கோவாவின் மோல்பயோ தயாரிக்கும் 'ட்ரூநாட்'.

சளியிலிருந்து பிரித்த டி.என்.ஏ. கரைசலில் 6 மைக்ரோ லிட்டர் மட்டும் சில்லின் குழியில் விடப்படுகிறது. ஒரு சொட்டுக்கும் குறைவு என்பதால் சட்டென்று சூடாகி, சட்டென்று ஆறுகிறது. சுற்றுக்குச் சுற்று கிருமியின் டி.என்.ஏ. துணுக்கு பெருகுகிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும்.

நோய் உறுதியானால், ரிஃபாம்பிசின் மருந்து பலிக்குமா என்று இன்னொரு சில்லு சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இதைப் பரிந்துரைத்தது.

பேட்டரியில் இயங்குவதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஏற்றது. ஒரே நிபந்தனை: சில்லு கையிருப்பில் இருக்கவேண்டும். தீர்ந்துவிட்டால் அது வெறும் பெட்டிதான்.