சலம் அடக்க முடியவில்லையா? வெட்கப்படாமல் சொல்லுங்கள்

நல்லூர்த் தேருக்குப் போக ஆசை இருந்தும் வீட்டிலேயே நின்றுவிடுகிற அம்மாமார் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். கேட்டால் "முழங்கால் நோ" என்பார்கள். சனத்துக்குள் நிற்கும்போது சலம் கசிந்து சேலை நனைந்துவிடுமோ என்ற பயத்தை யாரிடமும் சொல்வதில்லை. "வயது போனால் இப்படித்தான்" என்று தங்களுக்குள்ளேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பிழை. சலக்கசிவு ஒரு வருத்தம். பெரும்பாலானோருக்கு அதைக் குறைக்கலாம். பலருக்கு முற்றாகவே மாற்றலாம்.

ஏன் கசிகிறது?

இருமும்போதும், தும்மும்போதும், கிணற்றிலிருந்து வாளி தூக்கும்போதும் கசிந்தால், சலப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். பிள்ளைப்பேறு, மாதவிடாய் நிற்றல், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் இதற்குக் காரணமாகின்றன. பிள்ளைப்பேறும் மாதவிடாய் நிற்றலும் இருப்பதால்தான் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

சிலருக்குத் திடீரென முட்டிக்கொண்டு வரும். மலசலகூடத்துக்குப் போய்ச் சேருமுன் போய்விடும். சலப்பை நிரம்புமுன்னரே சுருங்குவது இதன் காரணம். வயதான ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை அடைப்பதால், சலப்பை முழுதாக வெறுமையாகாமல் சொட்டுச் சொட்டாக வழியலாம். பாரிசவாதம் வந்தவர்களுக்கும், போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கும் நரம்புக் கட்டுப்பாடு குலைவதால் கசிவு வரலாம். அவர்களுக்குத் தனியான சிகிச்சை தேவை.

சலரோகத்தை மறக்கவேண்டாம்

நீரிழிவை எங்கள் ஊரில் சலரோகம் என்கிறோம். இரத்தத்தில் சீனி கூடினால் சலமும் கூடும். சலப்பை நரம்புகளும் பழுதாகும். கிருமித்தொற்றும் எளிதில் வரும். புதிதாகக் கசிவு தொடங்கினால் சீனியையும் சலத்தையும் பரிசோதிப்பது முதல் வேலை. பிறஷருக்கு எடுக்கும் சில குளிசைகளும் சலத்தைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது. எந்த நேரத்தில் எடுப்பது நல்லது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

கொழும்பு பஸ் ஏறுமுன் அரைநாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. எங்கள் வெயிலுக்கு அது ஆபத்து. சலம் செறிந்து சலப்பையை உறுத்தும். தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் வழிவிடும். இருதய, சிறுநீரக நோய்க்காக வைத்தியர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி குடியுங்கள். மற்றவர்கள் பகல் முழுவதும் பகிர்ந்து குடித்து, படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்தால் போதும். தேநீரையும் கோப்பியையும் குறைப்பது பலருக்குப் பலன் தரும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

1948இல் ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதி வெளியிட்ட பயிற்சி இன்றும் முதற் சிகிச்சையாக இருக்கிறது. வாயுவையும் சலத்தையும் ஒருங்கே அடக்குவதுபோல் தசையை உள்ளிழுங்கள். 5 செக்கன் பிடித்து, 5 செக்கன் தளர்த்துங்கள். மூச்சை அடக்கவோ வயிற்றையும் தொடையையும் இறுக்கவோ கூடாது. ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று தடவை செய்யுங்கள். பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். இரும வரும்போது முன்கூட்டியே தசையை இறுக்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி சலம் முட்டுகிறவர்கள், இரண்டு தடவை போவதற்கு இடையிலான நேரத்தைக் கிழமைக்கு 15 நிமிடமாகக் கூட்டி, மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவர முயலலாம்.

இரவில் கவனம்

பல வளவுகளில் மலசலகூடம் பின்பக்கத்தில் இருக்கிறது. இருட்டில் அவசரமாக ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு. போகும் வழியில் ஒரு லைட் போடுங்கள். நடக்க முடியாதவருக்குக் கட்டிலருகில் பாத்திரம் வையுங்கள். பம்பஸ் உதவும். ஆனால் அதைக் கட்டிவிட்டுச் சிகிச்சையை மறந்துவிடக்கூடாது. ஈரத்தில் தோல் புண்ணாகும்.

யாரிடம் சொல்வது?

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காகச் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் இலவசமாக வைத்தியரைக் காணலாம். சலத்தில் இரத்தம், காய்ச்சலுடன் எரிவு, சலம் முற்றாக அடைபடுதல், திடீர்க் கால் மரப்பு இருந்தால் அன்றே போங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்பதோடு "சலம் போறதில் கரைச்சல் ஏதும் இருக்கா?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, அடுத்த வருடம் அம்மாவைத் தேருக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.