இருதய மின்கம்பியும் அதன் பரீட்சையும்

நமது இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1,00,000 தடவை துடிக்கின்றது. அதன் மேலறையொன்றில் தானே பிறக்கும் நுண்ணிய மின்சாரம், வலம் இடம் என்னும் இரு கிளைகளின் வழியாக இறங்கிக் கீழறைகள் இரண்டையும் ஏககாலத்திற் சுருங்கச் செய்கின்றது. இடக்கிளை பழுதுபட்டவிடத்து, இடது கீழறையின் வெளிச்சுவர் பின்தங்கிச் சுருங்கும். கால் ஒவ்வாது நடப்போர் சுமக்கும் பல்லக்கைப்போல அவ்வறை தள்ளாட, முன்னரே தளர்ந்த இருதயம் பின்னுந் தளர்கின்றது. மூச்சுத் திணறலும் கால்வீக்கமும் மிகுகின்றன. இதற்குப் பரிகாரமாக வைத்தியர் பொருத்தும் மின்கம்பியைப் பற்றியும், அதன் பயன் சோதித்தறியப்பட்ட விதத்தைப் பற்றியும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

சரீரத்தினுள் முழுதும் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர், 1958ஆம் ஆண்டு சுவீடன் தேசத்தில் ஆர்னே லார்சன் என்பவர்க்கு வைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் எல்ம்க்விஸ்ட் என்னும் பொறிவல்லுநர். பொருத்தியவர் சென்னிங் என்னும் அறுவை வைத்தியர். அக்கருவி சில மணி நேரமே உழைத்தது. எனினும், பின்வந்த கருவிகளின் உதவியால் லார்சன் 2001 வரை உயிர் வாழ்ந்தார். அது துடிப்பு மந்தப்பட்டார்க்குரிய உதவி. துடிப்பு ஒவ்வாதார்க்குரிய முறை 1990க்குப் பின்னரே வளர்ந்தது. இம்முறையில், வலப்புறக் கம்பியோடு, இருதயத்தின் சிரையொன்றன் வழியே மற்றொரு கம்பி இடது அறையின் வெளிச்சுவருக்குச் செலுத்தப்படுகின்றது. இருபுறமும் ஒருங்கே தூண்டப்பெறுதலின் ஒழுங்கு மீள்கின்றது.

கம்பியைப் பொருத்தியபின் வைத்தியர் ஆராய்வன சில உள. இருதயத்தை அசைக்கப் போதிய மிகக் குறைந்த மின்னழுத்தம் யாது? அது மிகுமாயின் பாட்டரி விரைவில் தீரும். மின்தடை மாறியுளதா? திடீரென உயரின் கம்பி முறிந்திருக்கலாம். தாழின் மேலுறை பழுதுற்றிருக்கலாம். அருகிற் செல்லும் நரம்பை மின்சாரம் தீண்டி, விக்கல் போல உதரவிதானத்தைத் துள்ளச் செய்கின்றதா? நுனி இடம் பெயர்ந்துளதா? இதனை எக்ஸ்ரே படம் காட்டும்.

ஆயினும், கம்பி செவ்வனே உழைப்பது ஒன்று. நோயாளி அதனாற் பயனடைவது வேறொன்று. 2002ஆம் ஆண்டு வெளிவந்த பரீட்சையொன்றில் 453 நோயாளிகள் யாவர்க்கும் கருவியைப் பொருத்தி, சீட்டுப் போடுவதுபோல் இரு சாராராகப் பிரித்து, ஒரு சாரார்க்கே அதனை இயக்கினர். எவருடையது இயங்குகின்றதென்பதை நோயாளியும் அறியார், சோதிப்பவரும் அறியார். ஆறு திங்களுக்குப் பின், 6 நிமிஷத்தில் நடக்குந் தூரம் கருவி இயங்கியோர்க்கு நடுத்தரமாக 39 மீட்டரும், இயங்காதோர்க்கு 10 மீட்டருங் கூடிற்று. அந்தப் 10 மீட்டர் கருதத்தக்கது. ஒப்பிட்டுப் பாராதிருப்பின் அதுவும் கருவியின் கணக்கிலேயே சேர்ந்திருக்குமன்றோ!

2005ஆம் ஆண்டு வெளிவந்த மற்றொரு பரீட்சையில் 813 பேர் சேர்ந்தனர். மருந்து மாத்திரம் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேரும், கருவியும் பெற்றோருள் நூற்றுக்கு 20 பேரும் இறந்தனர்.

இங்ஙனமாயின், தளர்ந்த இருதயம் எல்லாவற்றிற்கும் இது நலமென எண்ணத் தோன்றும். மின்சாரம் தாமதியாது செல்லும் 809 நோயாளிகளிடம் இவ்வெண்ணம் சோதிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு நேர்மாறானது: கருவி இயங்கியோருள் 45 பேரும், இயங்காதோருள் 26 பேரும் இறந்தனர். கம்பிகளிற் குற்றமில்லை, ஒழுங்காய்ச் சென்ற மின்சாரத்தை அவை குலைத்தன போலும்.

மாணவ நண்பர்களே! பிணி தீர்க்க விழைவது நற்குணம். தீர்ந்ததோவென நடுநின்று அளந்தறிவதும் அதன் பகுதியே. அளவாத நல்லெண்ணம் சிலபோது உயிருக்கே தீங்காய் முடியுமென்பதை அந்தச் சின்னஞ்சிறு கம்பி நமக்குப் போதிக்கின்றது.