திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் செயலற்ற பங்களிப்பாளர் கணக்குகள்: உரிமையும் மதிப்பும்

முன்னுரை

திறந்த மூல மென்பொருள்களுள் பெரும்பாலானவை தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்வன. பணி மாற்றம், குடும்பப் பொறுப்பு, உடல்நலக்குறைவு முதலிய காரணங்களால் பங்களிப்பாளர் பலர் அறிவிப்பின்றியே விலகிவிடுகின்றனர். அவர்கள் விலகிய பின்னரும், மூலநிரலை மாற்றவும் புதிய பதிப்பை வெளியிடவும் பெற்ற உரிமை அவர்தம் கணக்குகளில் எஞ்சி நிற்கிறது. அவ்வுரிமையை எவ்வாறு கையாள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செயலற்ற கணக்கின் இடர்

பைத்தான் மொழியின் பொதுத் தொகுப்புக் களஞ்சியமான பைபிஐ-இல் 'சிடிஎக்ஸ்' என்னும் சிறு தொகுப்பு 2014-க்குப் பின் புதுப்பிக்கப்படாமல் இருந்தது. அதன் பராமரிப்பாளரது மின்னஞ்சல் முகவரிக்குரிய இணையக் களப்பெயர் காலாவதியாயிற்று. 2022 மே மாதத்தில் வேறொருவர் அக்களப்பெயரைப் பதிவுசெய்து, கடவுச்சொல்லை மீட்டமைத்துக் கணக்கைக் கைப்பற்றினார். அவர் வெளியிட்ட பதிப்புகள், பயனர் கணினிகளின் சூழல் மாறிகளைத் திருடி அனுப்பின. மேகக் கணிமைச் சேவைகளின் மறைவுச் சாவிகள் அம்மாறிகளில் வைக்கப்படுவதுண்டு. கடவுச்சொல்லை ஊகிக்கவோ நிரற்பிழையைத் தேடவோ தேவை ஏற்படவில்லை. கவனிப்பாரற்ற கணக்கே நுழைவாயிலாக அமைந்தது. காலாவதியான களப்பெயர்களைக் கண்டறிந்து, அவற்றைச் சார்ந்த முகவரிகளின் சரிபார்ப்பை நீக்கும் முறையைப் பைபிஐ 2025-இல் நடைமுறைப்படுத்தியது.

தயக்கத்தின் காரணம்

இடர் தெளிவாக இருந்தும் திட்டங்கள் உரிமையை நீக்கத் தயங்குகின்றன. ஊதியமின்றி உழைத்தவருக்கு எழுதும் உரிமையே அங்கீகாரமாக விளங்குவதால், அதனைத் திரும்பப் பெறுவது அவமதிப்பாகத் தோன்றுகிறது. ஈட்டிய தகுதி காலாவதியாவதில்லை என்பது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கொள்கை. பாதுகாப்பு நோக்கோ பயன்படாத உரிமை நீங்க வேண்டும் என்கிறது. மதிப்பும் அணுக்க உரிமையும் ஒன்றெனக் கொள்ளும்போதே இவ்விரண்டும் முரண்படுகின்றன.

டெபியன் நடைமுறை

1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டம் இவ்விரண்டையும் பிரித்துக் கையாள்கிறது. தொடர்பற்றுப்போன பராமரிப்பாளர்களைத் தேடுவதற்கென்றே அங்கு ஒரு குழு உள்ளது. அக்குழு முதலில் மடல் எழுதி நலமும் நிலையும் வினவுகிறது. விடை கிடைக்காதபோது, அவர் பொறுப்பிலுள்ள தொகுப்புகள் பராமரிப்பாளரற்றவை என அறிவிக்கப்பட்டுப் பிறர் ஏற்க வழி செய்யப்படுகிறது. விலகியவரின் மறையீட்டுச் சாவி, நடப்பு உறுப்பினர் சாவித்தொகுப்பிலிருந்து அகற்றப்படுகிறது. முறையாக ஓய்வு பெறுபவர் 'தகைசால்' உறுப்பினராகிறார்; பின்னாளில் திரும்ப விரும்பினால், புதியவருக்குரிய முழுத் தேர்வு நடைமுறையையும் கடக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களின் தகைசால் பேராசிரியர் மரபை இது ஒத்தது. குபெர்நெட்டிஸ் திட்டமும் முன்னாள் ஒப்புதலாளர்களின் பெயர்களைப் பொறுப்பாளர் கோப்பில் தனிப்பகுதியாகப் பேணுகிறது.

இப்பிரிவினைக்குத் தொழில்நுட்பமும் துணைநிற்கிறது. கிட் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றப் பதிவினுள்ளும் அதனை எழுதியவரின் பெயர் இடம்பெறுகிறது. எழுதும் உரிமை நீக்கப்பட்டாலும் அப்பெயர் வரலாற்றிலிருந்து மறைவதில்லை.

கருதத்தக்கவை

நிரல் மாற்றங்களின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. பிறர் நிரலைச் சரிபார்ப்போரும் ஆவணம் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் அக்கணக்கில் தவறாகச் செயலற்றவராகத் தோன்றக்கூடும். கால வரம்பை முன்னரே அறிவித்தல், நீக்கத்திற்கு முன் வினவுதல், பங்களிப்பைப் பதிவில் நிறுத்துதல், மீள்வருகைக்கு எளிய வழி அமைத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. ஒருவருக்கும் தனியாகக் குறிவைக்காமல், விதி அனைவருக்கும் ஒன்றாகச் செயல்படும்போது நீக்கம் தண்டனையாகக் கருதப்படாது.

முடிவுரை

உரிமை பணிக்காக அளிக்கப்படுவது. பணி நின்றதும் அது திரும்புவது இயல்பு. மதிப்பு செய்த பணிக்கு உரியது, அது நிலைத்திருக்கும். இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே விதியாக்கும் திட்டம், பயனரின் பாதுகாப்பையும் பங்களிப்பாளரின் மாண்பையும் ஒருங்கே காக்கும்.