கார் நடுங்குகிறதா? மஞ்சள் விளக்கு சொல்லும் சேதி!

கார் ஓடுகிறது. ஆனால், சரியாக ஓடவில்லை. சிக்னலில் நின்றால் நடுங்குகிறது. மேட்டில் ஏறச் சொன்னால் திணறுகிறது. டிரைவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. என்ஜின் படம் போட்ட விளக்கு அது.

"அது அப்படித்தான் எரியும். விட்டுத் தள்ளு!" என்பார் ஒருவர்.

"ஐயோ, பெரிய செலவு வந்து விட்டது!" என்று தலையில் கை வைப்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் தவறு.

அந்த விளக்கு ஒரு சாட்சி. தான் கண்டதைச் சொல்லும். குற்றவாளி யார் என்று அது தீர்ப்புச் சொல்லாது. விசாரித்துக் கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. விசாரிக்காமலே தண்டனை கொடுத்தால், நஷ்டம் கார்க்காரருக்குத்தான்!

விளக்கு வந்த கதை

இந்த விளக்கு ஏன் வந்தது தெரியுமா?

1943-ம் ஆண்டு ஜூலை மாதம். உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைத் திடீரென்று புகை மூடியது. கண் எரிந்தது. தொண்டை கமறியது. "எதிரி விஷப் புகை போட்டு விட்டானோ!" என்று மக்கள் பயந்தார்கள்.

எதிரி வெளியில் இல்லை, ஊருக்குள்ளேயே இருந்தான்!

அதைக் கண்டுபிடித்தவர் ஹாகன் ஸ்மிட் என்ற விஞ்ஞானி. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து கொண்டிருந்தவர் அவர். கார்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஆவி, வெயில் பட்டு நச்சுப் புகை ஆகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் எடுத்துக் காட்டினார்.

பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கும் கலிபோர்னியா மாநிலம் கார்களுக்குக் கடிவாளம் போட்டது. "கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து, விளக்கு எரிந்து சொல்ல வேண்டும்" என்று விதி செய்தது. 1988-ம் ஆண்டு மாடல் கார்களில் அது அமலுக்கு வந்தது. 1996-ம் ஆண்டு மாடல் முதல், அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே முறை வந்தது. இந்தியாவில் புதிய கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன.

ஆகவே, அந்த மஞ்சள் விளக்கு காருக்கு மட்டும் காவல்காரன் அல்ல. நாம் மூச்சு விடும் காற்றுக்கும் காவல்காரன்!

பல்லக்கு ஆடுவது ஏன்?

நாலு பேர் பல்லக்குத் தூக்கிப் போகிறார்கள். ஒருவர் கால் இடறினால் என்ன ஆகும்? பல்லக்கே ஆடும் அல்லவா? கார் நடுங்குவதும் அப்படித்தான்.

சாதாரணக் காரின் என்ஜினில் 4 சிலிண்டர்கள் இருக்கின்றன. பெட்ரோலும் காற்றும் கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் முறை வைத்து வெடிக்கின்றன. கார் நிற்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்போது ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு 400 முறை வெடிப்பு நடக்கும். ஒரு சிலிண்டர் தன் முறையைத் தவற விட்டால், கார் குலுங்கும். பட்டறையில் இதை "மிஸ்ஸிங்" என்கிறார்கள்.

இது காரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? என்ஜினோடு சேர்ந்து பல் சக்கரம் ஒன்று சுற்றுகிறது. பற்கள் ஓடும் வேகத்தை ஒரு சென்சார் அளந்து கொண்டே இருக்கிறது. ஒரு வெடிப்புத் தவறினால், சக்கரம் கண நேரம் மெதுவாகும். கம்ப்யூட்டர் அதைப் பிடித்து விடும். எந்த சிலிண்டர் என்றும் குறித்துக் கொள்ளும்!

எண் சொல்லும் துப்பு

ஸ்டியரிங்குக்குக் கீழே, 16 முனை கொண்ட ஒரு சொருகி இருக்கும். அதில் ஸ்கேனர் கருவியைச் சொருகினால் ஓர் எண் வரும்.

"பி 0301" என்று வந்தால், முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். "பி 0303" என்றால், மூன்றாவது சிலிண்டர். "பி 0300" என்றால், இன்ன சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி மிஸ்ஸிங்.

எண் வந்து விட்டது. இனி என்ன? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்! பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றி விடுகிறார்கள். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவருக்கு, அது ஒரு மாத வருமானம்!

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பல கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தனிக் காயில் உண்டு. என்ஜினை நிறுத்தி ஆற விட வேண்டும். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட வேண்டும். மூன்றாவதின் காயிலை முதலாவதில் போட வேண்டும். பழைய எண்ணை அழித்து விட்டு, காரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது "பி 0303" என்று வந்தால், திருடன் அகப்பட்டான்! கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறி விட்டது. அந்த ஒரு காயிலை மட்டும் மாற்றினால் போதும்.

எண் மாறவில்லையா? காயில் நிரபராதி. அடுத்து, இதே போல் பிளக்கை மாற்றிப் பார்க்கலாம். பிறகு இன்ஜெக்டர். கடைசியில், சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இதுவே ரகசியம்!

சாட்சிக்குத் தண்டனையா?

இன்னொரு எண் "பி 0171". பெட்ரோலுக்குத் தேவையான அளவை விடக் காற்று அதிகம் என்பது இதன் பொருள். ஆக்சிஜன் சென்சார் தரும் தகவல் இது.

உடனே அந்தச் சென்சாரையே மாற்றி விடுகிறவர்கள் உண்டு. பாவம், அது உண்மையைத்தான் சொன்னது! எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து, அதன் வழியாகக் காற்று நுழைந்திருக்கலாம். சின்னக் குழாயில் தீர வேண்டிய செலவு, பெரிய செலவாகி விடும்.

சில கார்களில் மூன்று, நாலு விளக்குகள் சேர்ந்து எரியும். அதற்காக மூன்று, நாலு கோளாறு என்று அர்த்தம் இல்லை. என்ஜின் தடுமாறும்போது, சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏற்பாட்டையும் கம்ப்யூட்டர் நிறுத்தி வைப்பது உண்டு. அதனால் அந்த விளக்கும் எரியும். பேட்டரி பலவீனமானாலும் பல விளக்குகள் எரியலாம். ஆகவே, முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது நல்லது.

கண் சிமிட்டினால் ஆபத்து!

மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தால், சீக்கிரம் பட்டறைக்குப் போக வேண்டும். அணைந்து அணைந்து எரிந்தால், ஆபத்து! எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போகிறது என்று பொருள். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய பெட்டி அது. பெட்ரோல் அங்கே போய் எரிந்தால், பெட்டி உருகிப் பாழாகும். உடனே வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் காரை நிறுத்துவதே நல்லது.

சிவப்பு விளக்கு வேறு. எண்ணெய் விளக்கோ, வெப்ப விளக்கோ சிவப்பாக எரிந்தால், ஒரு மைல் கூடப் போகக் கூடாது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து விட வேண்டும்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

எண்ணை அழித்தால் விளக்கு அணையும். ஆனால், நோய் தீராது. கோளாறு இருந்தால் விளக்கு மறுபடியும் எரியும். கோளாறு உண்மையிலேயே தீர்ந்து விட்டால், விளக்கை யாரும் அணைக்க வேண்டியது இல்லை. அடுத்தடுத்து மூன்று பயணத்தில் கோளாறு தென்படாவிட்டால், அது தானே அணைந்து விடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும், மஞ்சள் விளக்கு ஒரு முறை எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியவே இல்லையா? விளக்கு கெட்டிருக்கலாம். அல்லது, யாரோ சாட்சியின் வாயைக் கட்டி இருக்கலாம்! விசாரிக்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.