ஈகைத் திருநாள்: தொழுகைக்கு முன் ஏழைக்கு அரிசி

ரம்ஜான் 29-ஆம் நாள் மாலை. நோன்பு துறந்த கையோடு சிறுவரும் பெரியவரும் மாடியேறி மேற்கு வானத்தையே பார்த்து நிற்கிறார்கள். மெல்லிய கீற்றாகப் பிறை தெரிந்துவிட்டால் தெருவெங்கும் ஆனந்தந்தான். மறுநாள் பெருநாள்!

புத்தாடையும் பலகாரமும் ஒருபுறம் இருக்க, அன்றிரவு வீட்டுப் பெரியவர்களுக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. அதுதான் 'பித்ரா' அரிசியை அளந்து கொடுப்பது.

அரபு மொழியில் 'ஈதுல் பித்ர்' எனப்படும் இப்பண்டிகையைத் தமிழ் முஸ்லிம்கள் நோன்புப் பெருநாள் என்பார்கள். 'ஈகைத் திருநாள்' என்றும் பெயர் உண்டு. அப்பெயருக்குப் பொருள் தருவது இந்தப் பித்ராவே. நபிகள் நாயகம் மதீனாவில் குடியேறிய இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624-ல், ரம்ஜான் நோன்பு கடமையாயிற்று. அதையொட்டியே பித்ராவும் வந்தது.

தொட்டில் குழந்தைக்கும் கணக்கு

பித்ராவின் அளவு தலைக்கு ஒரு 'ஸாவு' தானியம். இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளினால் அந்த அளவு வரும். சுமார் 2½ கிலோ. அரேபியாவில் பேரீச்சம்பழமும் வாற்கோதுமையும் கொடுத்தார்கள். சோறு உண்ணும் தமிழகத்தில் அரிசி கொடுக்கிறார்கள். குடும்பத் தலைவர் தமக்கு மட்டுமன்றி, தம் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் கொடுக்க வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் இந்தக் கணக்கில் சேரும்.

கொடுப்பதற்குச் செல்வந்தராக இருக்க வேண்டுமா? கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. அந்த மத்ஹபின்படி, பெருநாளன்று குடும்பத்தின் உணவுக்கும் அவசியத் தேவைகளுக்கும் போக மிச்சம் வைத்திருப்பவர் பித்ரா கொடுக்க வேண்டும். முன்னதாகவே பலரிடம் அரிசி பெற்ற ஏழையும், தமக்குப் போக மிஞ்சினால், தாமும் கொடுக்கிறார். வாங்கிய கையே கொடுக்கும் கையாகிறது!

ஏன் இந்தக் கெடு?

பெருநாள் தொழுகைக்கு முன்பே பித்ரா உரியவரிடம் சேர வேண்டும். பிந்திக் கொடுத்தால் அது சாதாரண தருமமாகவே கருதப்படும் என்கிறது நபிமொழி. பெருநாளன்று நோன்பு வைப்பதே கூடாது. ஊரெல்லாம் நோன்பை முடித்த அன்றைக்கு ஓர் ஏழை மட்டும் பட்டினி கிடப்பது முறையாகுமா? அவர் வாசல் வாசலாக அலையக்கூடாது என்பதற்கே இந்தக் கெடு.

பொழுது விடிந்ததும் குளித்து, அத்தர் பூசி, பேரீச்சம்பழம் உண்டு, தக்பீர் முழக்கத்துடன் தொழுகைக்குச் செல்கிறார்கள். தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் அந்த வரிசையில் அரிசி கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று தெரிவதில்லை. தொழுகை முடிந்து எல்லோரும் தழுவிக்கொண்டு வீடு திரும்பும் வேளையில், ஏழையின் அடுப்பிலும் உலை கொதிக்கிறது.