ஆங்கிலச் சந்தேகங்கள் – 9: ‘ஐ’ உருபும் ‘தி’ என்ற சொல்லும்

வேளாங்கண்ணியில் மாலை ஜெபம் முடிந்து கடற்கரைச் சாலையில் கூட்டம் கரையத் தொடங்கும் நேரத்தில், மெழுகுவத்திக் கடைகளிலும் விடுதிகளிலும் வேலை பார்க்கும் இளைஞர் சிலர் என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்து உட்காருகிறார்கள் என்பதையும், பம்பாயிலிருந்தும் கோவாவிலிருந்தும் வரும் யாத்திரிகர்களோடு தினந்தோறும் பேசித் தீர வேண்டிய அவர்களுடைய சந்தேகங்களே இத்தொடருக்கு ஆதாரம் என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரம் கேள்வி கேட்டவள் மெழுகுவத்திக் கடையில் இருக்கும் ஒரு பெண்.

“ஐயா, ‘தி பஸிலிக்கா’ன்னு சொல்றோம், ‘தி வெள்ளையாறு’ன்னு சொல்றோம். ‘தி வேளாங்கண்ணி’ன்னு சொன்னா மட்டும் ஏன் தப்புங்கறீங்க?”

இதன் ஒரு பாதிக்குப் பதில் சுலபம். நதிகளுக்கும் கடல்களுக்கும் ‘தி’ சேர்ப்பதும், ஊர்ப் பெயர்களுக்குச் சேர்க்காமல் விடுவதும் ஆங்கிலேயருடைய வழக்கம். ‘தி காவேரி’ உண்டு, ‘தி தஞ்சாவூர்’ இல்லை. இதற்குக் காரணம் தேடி அலைவதைவிட மனனம் செய்துகொள்வதே நலம் என்று அவளிடம் சொன்னேன். பஸிலிக்காவின் விஷயம் வேறு. அது ஊரின் பெயரோ ஆளின் பெயரோ அன்று. 1962-ஆம் ஆண்டு பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் நம்முடைய ஆரோக்கிய மாதா ஆலயத்துக்கு அளித்த பட்டம். உலகத்தில் பஸிலிக்காக்கள் அநேகம் உண்டாகையால், பேசுகிறவனும் கேட்கிறவனும் மனத்தில் வைத்திருப்பது இந்த ஒன்றையே என்று காட்டுவதற்கு அங்கே ‘தி’ வந்து நிற்கிறது.

அவளுடைய மெய்யான சங்கடம் இதுவல்ல என்பது பிறகுதான் வெளிப்பட்டது. முதல்நாள் கடைக்கு வந்த ஒரு வடநாட்டு யாத்திரிகரிடம், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, ‘ஐ வில் கிவ் தி கேண்டில்’ என்று இவள் உபசாரமாகச் சொல்ல, அவர் எந்த மெழுகுவத்தி என்று விளங்காமல் சுற்றுமுற்றும் பார்த்தாராம். தான் சொன்னதில் பிழை எங்கே என்று அவளுக்கு இரவெல்லாம் யோசனை.

இத்தகைய மாணாக்கருக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் சமாதானம், தமிழில் இதற்கு ஈடான சொல் கிடையாது, ஆகவே பழக்கத்தினால்தான் வர வேண்டும் என்பது. பல வருஷங்கள் நானும் அப்படியே போதித்து வந்தேன். இப்பொழுது அதை ஒப்புக்கொள்ள என் மனம் இடம் கொடுப்பதில்லை. சொல் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்தச் சொல் செய்கிற காரியத்தைத் தமிழ் வேறொரு வழியாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ‘மெழுகுவத்தி வாங்கினேன்’ என்று ஒருவர் சொன்னால் எது, எப்படிப்பட்டது என்ற விசாரணைக்கே இடமில்லை. அவரே ‘மெழுகுவத்தியை வாங்கினேன்’ என்றால், முன்னமே பேச்சில் அடிபட்ட மெழுகுவத்தி, இருவருக்கும் தெரிந்த மெழுகுவத்தி, நம் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. தொல்காப்பியர் இரண்டாம் வேற்றுமைக்குப் பெயராகவே வைத்த அந்த ‘ஐ’ என்னும் ஓரெழுத்து, தொக்கு நிற்கும்போது ஒரு பொருளையும் விரிந்து நிற்கும்போது வேறொரு பொருளையும் தருவதை, எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் பிழையின்றி அறிந்திருக்கிறாள். ‘பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்’ என்பதற்கும் ‘பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்’ என்பதற்கும் உள்ள தூரத்தை நம் வீடுகளில் யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறதா?

இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. “அப்போ நான் ‘மெழுகுவத்தியைத் தரேன்’னு சொல்லிட்டேனா, ஐயா?” என்றாள். அதேதான். கேட்காத மெழுகுவத்தியை, கேட்ட மெழுகுவத்தியைப் போல் நீட்டிவிட்டாள். ‘எ கேண்டில்’ என்றிருந்தால் அவர் திகைத்திருக்க மாட்டார்.

இந்த உபாயம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயர்திணைப் பெயர்களில் உருபு பெரும்பாலும் மறைவதில்லை. ‘ஒரு குழந்தையைப் பார்த்தேன்’ என்பதில் ‘ஐ’ இருந்தும், ‘ஒரு’ முன்னால் வந்துவிட்டதால் ஆங்கிலத்தில் ‘எ’ தான் வரும். எழுவாயில் உருபே இல்லை. அங்கே ‘பஸ் வந்துவிட்டது’ என்று சொல்லும்போது நாம் காத்திருந்த பஸ்ஸா, ஏதோ ஒரு பஸ்ஸா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ‘அந்த’ என்ற சொல் பொருந்தினால் ‘தி’ என்றும், ‘ஒரு’ பொருந்தினால் ‘எ’ என்றும் வைத்துக்கொள்ளலாம். அதிலும் நூற்றுக்கு நூறு சரிவரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இச்சொல் இல்லாமையைத் தமிழின் குறையென்று எண்ணி நாணுகிற மாணாக்கரைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. ஸம்ஸ்கிருதத்தில் இது கிடையாது. ருஷ்ய பாஷையிலும் கிடையாது. நம் ஆலயத்துக்குப் பஸிலிக்கா பட்டம் தந்த ரோமாபுரித் திருச்சபையின் லத்தீனிலும் கிடையாது. இங்கிருந்து வடக்கே, கடலோரமாகவே போனால் வரும் தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு வந்திறங்கிய ஸீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழெழுத்தை எழுதிப் பழகியவர். அவருடைய தாய்பாஷையிலோ ஆண், பெண், அலி என்ற பாகுபாட்டுக்குத் தக்கபடி மூன்று விதமான ‘தி’ உண்டு. மூன்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தமிழ் பேசக் கற்றுக்கொண்ட அம்மனிதர், அத்தமிழுக்கு எழுதிய இலக்கணத்தை 1716-இல் ஹாலே நகரத்தில் அச்சிட்டபோது, அதை லத்தீனில்தான் வெளியிட்டார்.

பாடம் முடிந்து எழுந்திருக்கும்போது, விடுதி வரவேற்பில் வேலை செய்யும் பையன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டான். “நேத்து ராத்திரி மழை பெய்ஞ்சிருக்குன்னு தமிழ்ல சொல்றோமே, ஐயா. ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் எஸ்டர்டே’ன்னு ஏன் சொல்லக்கூடாது?” பெய்ததை நாம் பார்க்கவில்லை, காலையில் ஈரத்தைத்தான் பார்த்தோம் என்னும் சூட்சுமம் அந்த ‘இருக்கிறது’ என்பதில் அடங்கியிருக்கிறது. அதை அடுத்த வாரம் விஸ்தாரமாகப் பார்க்கலாம்.

(தொடரும்)