கோடுகள் நிறைய, வேகம் குறைவு: வீட்டு வைஃபையில் என்ன நடக்கிறது?

லேப்டாப்பின் மூலையில் வைஃபை கோடுகள் முழுதாக இருக்கும். ஆனால் வீடியோ ஓடாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். காரணம் எளிது: அந்தக் கோடுகள் ரவுட்டரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன, வேகத்தை அல்ல.

இணையம் ரவுட்டர் வரை கேபிளில் வருகிறது; அங்கிருந்து லேப்டாப்புக்கு ரேடியோ அலையாகப் போகிறது. கோளாறு எந்தப் பாதியில் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. ரவுட்டரையும் லேப்டாப்பையும் ஈதர்நெட் கேபிளால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அதிலும் குறைவாக இருந்தால் இணைப்பு தருபவரிடம் சொல்ல வேண்டும். கேபிளில் நொடிக்கு 100 மெகாபிட் வந்து, வைஃபையில் 15 மட்டுமே வந்தால் சிக்கல் வீட்டுக்குள்தான்.

வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 சுவர் தாண்டித் தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் இவற்றுக்குள்தான் நெருக்கியடிக்க வேண்டும். ஒரு சேனலில் ஒரு கருவி அனுப்பும்போது மற்றவை காத்திருக்கும். பக்கத்து வீட்டுக் கருவிகளுக்காகவும் உங்கள் லேப்டாப் காத்திருக்கும். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் இயங்கி இரைச்சலைக் கூட்டுகின்றன.

விண்டோஸில் வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தால் அலைவரிசையும் இணைப்பு வேகமும் தெரியும். அங்கே ‘2.4 கிகாஹெர்ட்ஸ், 72 மெகாபிட்’ என்றிருந்தால், கைக்குக் கிடைப்பது அதில் பாதியளவே இருக்கலாம். அதே லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் 866 என்று காட்டக்கூடும். அகலமான, நெரிசல் குறைந்த சேனல்கள் அங்கே கிடைப்பதே காரணம். ஆனால் கான்கிரீட் சுவர் குறுக்கிட்டால் 5 சீக்கிரம் தளர்ந்துவிடும்.

ஆகவே ரவுட்டர் இருக்கும் இடம் முக்கியம். டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ இருந்தால், வீட்டின் நடுவே, உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். பக்கத்து அறையில் வேலை செய்பவர் 5-ஐயும், இரண்டு சுவர் தள்ளி இருப்பவர் 2.4-ஐயும் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது ரவுட்டர் வாங்குவதா, இருப்பதை நகர்த்தி வைத்தால் போதுமா என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.